அசல் ஃபரா, போலி ஃபரா? ஒரு கோட்டின் வரலாறு

செமஸ்டர் தேர்வு முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் ஒட்டாதது: ஃபர் கோட். "இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் என் சித்தி.

சித்தி குடும்பம் சிகாகோவில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் அங்கே ஒரு பழைய துணிக்கடையில் முழங்கால் வரை நீளும் கருப்புக் கோட் ஒன்றை 40 டாலருக்கு வாங்கினார். கடைக்காரர் "செயற்கை ஃபர்" என்று சொல்லித்தான் விற்றார். அதனால்தான் அக்காவும் (சித்தியின் மகள், அசைவத்தையே விட்டவள்) இரண்டு முறை அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பிறகு ஒரு நாள் உள்துணி கொஞ்சம் பிரிந்தபோது அடியில் ஒரு பழைய பட்டுச்சீட்டு தெரிந்தது. அதில் "ஹட்சன் சீல்" என்று எம்பிராய்டரி செய்திருந்தது.

வீட்டில் போர் மூண்டது. "40 டாலருக்கு அசல் சீல் தோல்!" என்று சித்திக்கு ஒரே சந்தோஷம். "செத்த சீலைப் போட்டுக்கிட்டா ரெண்டு நாள் சுத்தினேன்?" என்று அக்கா அழாத குறை. சித்தப்பாவோ, "சீல் தோல்னு போட்டு இன்டர்நெட்ல வித்தா நானூறு ஐநூறு டாலர் வரும்" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் சித்தி எனக்குப் படங்களை அனுப்பி, "நீதான் ஹிஸ்டரி படிக்கிறியே, இது அசலா போலியான்னு பார்த்துச் சொல்லுடா" என்றார்.

வரலாறு படிப்பவனிடம் கோட்டைப் பற்றிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? 1300களிலிருந்து ஆரம்பிப்பான் :) பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் அந்தக் கோட்டுக்கு வருவோம்.

அந்தஸ்தின் அடையாளம்

ஐரோப்பாவில் ஃபர் என்பது குளிருக்கான உடை மட்டுமல்ல. ஒருவன் யார் என்று தூரத்திலிருந்தே சொல்லும் அடையாளம் அது. இங்கிலாந்தில் 1337இல் வந்த ஒரு சட்டம், ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் இல்லாதவர்கள் ஃபர் அணியக் கூடாது என்றது. அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும் விலக்கு உண்டு. 1363இல் வந்த இன்னொரு சட்டம் எந்த வகுப்பார் எந்த உடை, எந்த ஃபர் அணியலாம் என்று படிப்படியாக வகுத்தது. தகுதிக்கு மீறி உடுத்துகிறார்கள் என்று மேல்தட்டினருக்கு வந்த எரிச்சல்தான் இந்தச் சட்டங்களுக்கு அடிப்படை.

அந்த அடுக்கின் உச்சியில் இருந்தது எர்மின். நம் கீரிப்பிள்ளையை நினைவூட்டும் ஒரு சிறிய வேட்டை விலங்கு அது. கோடையில் பழுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் உடல் முழுக்க வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் கருப்பாகவே இருக்கும். ராஜாக்களின் ஓவியங்களில் வெள்ளை அங்கியின் மேல் கருப்புப் புள்ளிகள் இருக்குமே, அவை இந்த வால் நுனிகள். ஒரு புள்ளி என்றால் ஒரு விலங்கு.

எங்கே இவ்வளவு மதிப்பு இருக்கிறதோ அங்கே போலியும் வந்தே தீரும். வெள்ளை முயல் தோலில் கருப்புப் புள்ளி வைத்துவிட்டால் தூரத்திலிருந்து எர்மின்தான். பழைய தோலைப் புதியதோடு கலந்து தைப்பது இன்னொரு தந்திரம். லண்டனில் ஃபர் வேலை செய்தவர்களின் சங்கத்துக்கு 1327இலேயே அரச சாசனம் கிடைத்தது. சரக்கின் தரத்தைக் கண்காணிப்பது, பழையதையும் புதியதையும் கலக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை அந்தச் சங்கத்தின் முக்கிய வேலைகள். ஆக "இது அசலா?" என்ற சித்தியின் கேள்விக்கு வயது சுமார் 700.

மென்மையான தங்கம்

ஃபருக்கான ஆசை உலக வரைபடத்தையே மாற்றியது என்று சொன்னால் அது மிகையல்ல. 1580களில் யெர்மாக் என்ற கோசாக் தலைவன் உரால் மலைகளைத் தாண்டி சைபீரியாவுக்குள் நுழைந்தான். 1639இல் ரஷ்யர்கள் பசிபிக் கடற்கரையை எட்டிவிட்டார்கள். அறுபது ஆண்டுக்குள் ஒரு கண்டத்தையே கடந்த அந்த ஓட்டத்தைத் தூண்டியது சேபிள் என்ற சிறு விலங்கின் தோல். "மென்மையான தங்கம்" என்று அதற்குப் பெயர். சைபீரியப் பழங்குடி மக்கள் "யாசக்" என்ற வரியைச் சேபிள் தோலாகவே கட்ட வேண்டியிருந்தது. கட்டாதவர்களின் உறவினர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைத்தார்கள். (நம் "யாசகம்" கேட்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது துருக்கிய - மங்கோலிய மொழிகளின் வழியாக வந்த சொல். இங்கே கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினார்கள்.)

உலகின் மறுபக்கத்தில் 1670இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் சாசனத்தோடு ஹட்சன் பே கம்பெனி தொடங்கியது. ஹட்சன் விரிகுடாவில் விழும் ஆறுகளின் நிலப்பரப்பு முழுவதற்கும் அதற்கு வணிக ஏகபோகம். அங்கே தேடப்பட்டது பீவர். அதன் உள்மயிரை அழுத்திச் செய்த தொப்பிகளுக்கு ஐரோப்பாவில் அவ்வளவு கிராக்கி. இந்தக் கம்பெனி பின்னாளில் கனடாவின் பெரிய கடைத் தொடராக மாறி, 2025இல் கடைகளை எல்லாம் மூடியது. ஃபர் உலகில் "ஹட்சன்" என்ற பெயருக்கு இருந்த மரியாதைக்கு இந்த வரலாறுதான் காரணம். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீல் போய் மஸ்க்ராட் வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீல் தோல் கோட் பெரிய நாகரிகமாக இருந்தது. இதற்கான ஃபர் சீல்கள் பெரும்பாலும் அலாஸ்காவை ஒட்டிய பிரிபிலோஃப் தீவுகளிலிருந்து வந்தன. அமெரிக்கா 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியது. 1870இல் ஒரு கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகை கொடுத்து, ஆண்டுக்கு 1 லட்சம் சீல்கள் வரை கொல்ல அனுமதித்தது. போதாததற்குப் பல நாட்டுக் கப்பல்கள் நடுக்கடலிலேயே சீல்களைச் சுட்டன. அங்கே ஆண், பெண் என்று பார்த்துச் சுட முடியாது. கடலில் இரை தேடப் போன தாய் செத்தால் கரையில் குட்டியும் பட்டினியால் சாகும். எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. கடைசியில் 1911இல் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு நடுக்கடல் வேட்டையைத் தடை செய்தன. காட்டுயிர்களைக் காக்கப் பல நாடுகள் சேர்ந்து செய்த தொடக்க கால ஒப்பந்தங்களில் இது முக்கியமானது.

சீல் குறைந்தது, ஆசை குறையவில்லை. அப்போதுதான் வியாபாரிகளின் கண் மஸ்க்ராட் மேல் விழுந்தது. வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் கூட்டம் கூட்டமாக வாழும் ஒரு நீர்வாழ் கொறிவிலங்கு அது. நம் பெருச்சாளியைவிடச் சற்றுப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீண்ட வெளிமயிரைப் பிடுங்கி, அடர்ந்த உள்மயிரை ஒரே உயரத்துக்குக் கத்தரித்து, கருஞ்சாயம் ஏற்றினால் வெல்வெட் மாதிரி பளபளப்பு வரும். சாதாரணக் கண்ணுக்கு அது சீல்.

ஆனால் "எலித் தோல் கோட்" என்று போட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் பெயரை மாற்றினார்கள்: ஹட்சன் சீல்!

ஆமாம் நண்பர்களே, ஹட்சன் சீலில் சீல் கிடையாது.

இது ஒன்று மட்டுமல்ல. "அலாஸ்கா சேபிள்" என்று விற்றது ஸ்கங்க், அதாவது நாற்றத் திரவம் பீய்ச்சுமே அந்த விலங்கு. "சீலைன்" என்றால் சாயமிட்ட முயல். "லாபின்" என்று ஸ்டைலாகச் சொன்னதும் முயல்தான், பிரெஞ்சில் முயலுக்கு அதுதான் பெயர். வெள்ளி நரித் தோல் மிக அரிதாக இருந்த காலத்தில், செந்நரித் தோலுக்குக் கருப்புச் சாயமேற்றி, நடுநடுவே வெள்ளை பேட்ஜர் மயிர்களைப் பசை தொட்டு ஒட்டினார்கள். ஒவ்வொரு மயிராக! போலிக்கும் உழைப்பு வேண்டும் போலிருக்கிறது.

பெயருக்கு ஒரு சட்டம்

இந்தப் பெயர்க் கூத்துக்கு அமெரிக்காவில் முற்றுப்புள்ளி வைத்தது 1951இல் நிறைவேறிய ஃபர் பொருள்கள் லேபிள் சட்டம். 1952 ஆகஸ்ட் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஃபர் உடையின் லேபிளில் இவை இருக்க வேண்டும்:

- விலங்கின் உண்மையான ஆங்கிலப் பெயர் (இதற்கென்றே அரசு ஒரு பெயர்ப் பட்டியல் வெளியிட்டது)
- சாயமிட்டதா, நிறம் நீக்கியதா என்ற விவரம்
- ஏற்கெனவே பயன்படுத்திய ஃபரா என்ற விவரம்
- பாதம், வால், வயிறு, வெட்டுத்துண்டு போன்றவற்றால் செய்ததா என்ற விவரம்
- இறக்குமதி என்றால் ஃபர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது

இல்லாத விலங்கின் பெயரைச் சொல்லி விற்பது குற்றமானது. "ஹட்சன் சீல்" என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்த கடைகள் "சாயமிட்ட மஸ்க்ராட்" என்று உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது.

வரலாறு படிப்பவர்களுக்கு இதில் ஒரு பரிசு இருக்கிறது. கோட்டில் "ஹட்சன் சீல்" என்று மட்டும் இருந்து, மஸ்க்ராட் என்ற பேச்சே இல்லையென்றால், அந்த அமெரிக்கக் கோட் பெரும்பாலும் 1952க்கு முந்தையது. லேபிளில் இருப்பது பொய். ஆனால் அந்தப் பொய்யே அதன் வயதைச் சொல்லிவிடுகிறது.

போலியே அசலாகி, அசலே போலியாகி...

இதற்கிடையில் செயற்கை ஃபர் வந்தது. 1920களின் இறுதியில் அல்பாக்கா மயிரைத் துணியில் நெய்து செய்தார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை. 1950களில் அக்ரிலிக், மோடாக்ரிலிக் இழைகள் சந்தைக்கு வந்த பிறகுதான் செயற்கை ஃபர் கண்ணுக்கு நம்பும்படி ஆனது. முதலில் அது ஏழைகளின் ஃபர். பிறகு விலங்குரிமை இயக்கங்கள் வளர வளர, மனசாட்சி உள்ளவர்களின் ஃபர் என்ற மரியாதை அதற்குக் கிடைத்தது. பிரிட்டன் 2000இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு ஃபர் பண்ணைத் தடைச் சட்டம் இயற்றியது. கலிஃபோர்னியாவில் புதிய ஃபர் விற்பனைக்கான தடை 2023இல் அமலானது. இந்தியாவும் 2017இல் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் ஃபர் தோல் இறக்குமதியைத் தடை செய்தது.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. பண்ணை ஃபர் மலிவாகிவிட்டது. நல்ல செயற்கை ஃபரைவிட மலிவான அசல் ஃபர் கிடைக்கத் தொடங்கியது. ஜாக்கெட்டின் தொப்பி ஓரம், செருப்பு, கையுறை, சாவிக்கொத்து என்று சின்னச் சின்னதாக அசல் ஃபரை வைத்துவிட்டு, "செயற்கை" என்று எழுதி விற்றார்கள். 1998இல் அமெரிக்காவில் விற்ற சில கோட்டுகளில் நாய் மயிர் இருந்தது தெரியவந்து பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. 2000இல் நாய், பூனை ஃபருக்கு அங்கே தடை வந்தது. 1951 சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஃபரின் மதிப்பு குறைவாக இருந்தால் (கடைசியில் 150 டாலர் வரை) லேபிளே வேண்டாம் என்று ஒரு விலக்கு. 2010 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் அதை நீக்கியது. அப்படியும் 2013இல் அசல் ஃபரைச் செயற்கை என்று விளம்பரம் செய்ததாக மூன்று விற்பனை நிறுவனங்கள் மேல் அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பிரிட்டனிலும் 2017இல் இதே புகார் எழுந்து, 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது.

முன்பு முயலை சீல் என்று விற்றவர்கள், இப்போது விலங்கை பிளாஸ்டிக் என்று விற்கிறார்கள். எது வாங்குபவருக்குப் பிடிக்குமோ அதன் பெயரை வைப்பது. மாறாதது அது ஒன்றுதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

1. அடியைப் பாருங்கள். மயிரை இரு பக்கமும் விலக்கிவிட்டு வேர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அசல் என்றால் கீழே தோல் தெரியும். செயற்கை என்றால் நெய்த அல்லது பின்னிய துணியின் கண்ணிகள் வரிசையாகத் தெரியும். இருப்பதிலேயே நம்பகமான சோதனை இதுதான்.

2. மயிரின் அடுக்கைப் பாருங்கள். பெரும்பாலான அசல் ஃபரில் இரண்டு அடுக்கு இருக்கும்: அடியில் பஞ்சு போன்ற உள்மயிர், மேலே நீண்ட, பளபளப்பான வெளிமயிர். கத்தரிக்காத மயிரின் நுனி ஊசி போலக் கூர்ந்து முடியும். செயற்கை இழையின் நுனி பெரும்பாலும் வெட்டியது போல மொட்டையாக இருக்கும். ஆனால் கவனம்: கத்தரித்த அசல் ஃபரின் நுனியும் மொட்டைதான். கூர்மையான நுனியுள்ள செயற்கை இழைகளும் உண்டு. நுனியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

3. ஊசியால் குத்திப் பாருங்கள். துணி என்றால் ஊசி சுலபமாக இறங்கும். தோல் என்றால் எதிர்க்கும். கோட் மிகப் பழையது என்றால் இதைச் செய்ய வேண்டாம், காய்ந்த தோல் கிழிந்துவிடும்.

4. இரண்டு மூன்று மயிரை எரித்துப் பாருங்கள். கோட்டிலிருந்து பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, கோட்டை விட்டுத் தள்ளி நின்று செய்யுங்கள். அசல் மயிர் நம் தலைமுடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். இரண்டும் கெரட்டின் என்ற ஒரே புரத வகை என்பதுதான் காரணம். அக்ரிலிக் வகைகள் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும், பிளாஸ்டிக் நாற்றம் வரும். இதிலும் ஒரு பொறி உண்டு. அல்பாக்கா மயிரில் நெய்த அந்தக் காலப் போலி ஃபரும் முடி வாசனைதான் தரும். அதனால் முதல் சோதனையோடு சேர்த்தே இதைப் பாருங்கள்.

5. உள்துணிக்குப் பின்னால் பாருங்கள். எந்த விலங்கு என்று ஊகிக்க இது உதவும். மஸ்க்ராட் சிறியது, அதனால் தோலின் பின்பக்கம் சிறு சிறு துண்டுகளாக நிறையத் தையல் இருக்கும். ஃபர் சீல் பெரிய விலங்கு, துண்டுகளும் பெரிதாக இருக்கும். மிங்க் கோட்டில் தையல்கள் மிக நெருக்கமாக, சாய்வாக ஓடும். தோலை மெல்லிய பட்டைகளாகச் சாய்த்து வெட்டி, நீளும்படி மறுபடி தைக்கும் முறை அது. உறுதியான விடை வேண்டுமென்றால் மயிரின் செதில் அமைப்பை நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

சித்தியின் கோட்

இந்தப் பட்டியலைச் சித்திக்கு அனுப்பினேன். அடியில் தோல் இருந்தது. வெளிமயிர் இல்லை, முழுவதும் ஒரே உயர வெல்வெட். எரித்தபோது முடி வாசனை வந்து தீ எச்சரிக்கை மணியும் அடித்ததாம். உள்துணி பிரிந்த இடத்தில் சித்தப்பா டார்ச் அடித்துப் படம் எடுத்தார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய துண்டுகள், வரிசை வரிசையாகத் தையல். சீல் இல்லை. 1952க்கு முன் செய்த சாயமிட்ட மஸ்க்ராட் என்றுதான் எல்லாச் சான்றும் சொல்கிறது.

ஆக, கடைக்காரர் சொன்னதும் தப்பு, சீட்டில் இருந்ததும் தப்பு. ஒரே கோட், இரண்டு பொய். ஒன்று சீல் என்று உயர்த்திச் சொன்னது, இன்னொன்று செயற்கை என்று வலியில்லாமல் சொன்னது. இரண்டிலும் பெயரை இழந்தது அந்த மஸ்க்ராட்கள்தான். எத்தனை தோல் என்று தையலை வைத்து எண்ணத் தொடங்கிய அக்கா, ஒரு கையில் மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாளாம்.

விற்கும் யோசனை? சீல் என்று போட்டு விற்றால் அது அப்பட்டமான பொய். அது நிஜமாகவே சீலாக இருந்திருந்தால் இன்னொரு சிக்கல்: அமெரிக்காவின் 1972 கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் சீல் பொருள்களை வாங்கி விற்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப எப்படிப் போட்டாலும் தப்பா?" என்று கேட்டார். உண்மையைப் போட்டால் தப்பில்லை என்றேன். "எலித் தோல் கோட்னு போட்டா எவன் வாங்குவான்?" என்றார். நூறு வருடம் முன்பு அந்த வியாபாரிகளும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் ஹட்சன் சீலைக் கண்டுபிடித்தார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கோட் இப்போது அலமாரியில் இருக்கிறது. அக்கா அதைப் போடுவதில்லை, தூக்கிப் போடவும் விடவில்லை. உள்துணியில் ஒரு சின்னத் துணிச்சீட்டைத் தைத்து வைத்திருக்கிறாள்: "சாயமிட்ட மஸ்க்ராட், பழையது." 1951 சட்டம் கேட்ட லேபிள் அந்தக் கோட்டுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பழைய ஃபர், கம்பளி, தோல் பொருள் ஏதாவது இருந்தால் உள்துணியைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.